ஒன்றாம் நம்பர் வயர்

என் வீட்டுக்காரருக்கு ஒழுங்காக மூச்சு விடத் தெரியாது என்று கல்யாணமான வருஷத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். படுத்தால் குறட்டை, மாடி ஏறினால் இரைப்பு, பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தமே கிடையாது. ஆனால் நுரையீரல் டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "பஞ்சுத் தூசி உள்ள போயிப் போயி நுரையீரல் கெட்டுப்போச்சும்மா, இனிமே வீட்டுலயும் ஆக்ஸிஜன் மெஷின் வேணும்" என்றபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஜுலைகாவுக்கு வாய் அடைப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. எங்கள் ஒலி முகமது பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவர் பெயர் ஹயாத் பாஷா. பட்டும் பருத்தியும் கலந்து நெய்கிற சேலைகளுக்குப் பருத்தி நூல் விற்கிறவர். முசரவாக்கத்திலிருந்தும் மாகறலிலிருந்தும் நெசவுக்காரர்கள் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். கடை வீட்டு முகப்பிலேயே இருக்கிறது. நூல் கற்றையை நாங்கள் சிட்டம் என்போம். அதிலிருந்து ஓர் இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் போதும், கண்ணை மூடிக்கொண்டே அது எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவார். அந்தக் கர்வம் அவருக்கு உண்டு.

டாக்டர் மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. தூசி வராத அறையில் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும். வெயிலில் புழுங்காமல் இருக்க ஏசி போட வேண்டும். எங்கள் வீடு அகலத்தில் கஞ்சம், நீளத்தில் தாராளம். முன்னால் கடை, மீட்டர் பெட்டி. அப்புறம் கூடம், சமையலறை, முற்றம் எல்லாம் தாண்டிக் கடைசியில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஓர் அறை. கடையிலிருந்து அதைவிடத் தள்ளி அவரை வைக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டில்தான் வைக்க வேண்டும். அதனால் அந்த அறைதான் என்று முடிவாயிற்று.

"எங்க வேணா போடு. திரும்ப ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பாத. வீட்ட விட்டுக் கெளம்பினா நான் திரும்பி வரமாட்டேன் ஜுலைகா" என்றார். ஆஸ்பத்திரியில் அவருக்கு இருபுறமும் படுத்திருந்த இரண்டு பேரும் அவர் கண்முன்னாலேயே போய்ச் சேர்ந்தவர்கள். அந்தப் பயம் அவர் குரலில் இருந்தது. நான் அனுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த அறைக்குப் புதிதாக லைன் இழுக்க வேண்டியிருந்தது. எலெக்ட்ரீஷியன் சத்யராஜ் திருப்புட்குழிக் கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டப் போய்விட்டான். கடையைப் பார்த்துக்கொள்கிற என் தம்பி ஃபைசல், "ஒயர் இழுக்கறது இன்னா பெரிய வேலையா ஆபா? நானே கேசிங் பட்டி அடிச்சு இழுத்துடறேன்" என்றான். வயர் வாங்குகிற பொறுப்பை மட்டும் என் வீட்டுக்காரர் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. படுத்தபடியே ரயில்வே ரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் தேவசகாயத்துக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்துப் பேசினார்.

"ரூமுக்கு ஒரு லைன் இழுக்கணும்பா. மெஷின் ஒன்னு ஓடணும். நல்ல தடியா ஒயர் வேணும்."

"அப்ப நாலாம் நம்பர் எடுத்துக்கோங்க பாய். வெல கொஞ்சம் ஜாஸ்தியாவும், ஆனா நிம்மதி."

என் வீட்டுக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா? சன்னத்த என் தலையில கட்டப் பாக்கறான். நம்பர் ஏற ஏற சன்னம், சன்னத்துக்குத்தான் வெல ஜாஸ்தி. எனக்கே நம்பர் சொல்லிக் குடுக்கறான்" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நூறாம் நம்பர் நூல் அறுபதாம் நம்பரைவிடச் சன்னம், விலையும் கூட. இது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"இருக்கறதுலயே சின்ன நம்பர் எது?" என்று போனில் கேட்டார்.

"ஒன்னு இருக்குது பாய். ஆனா..."

"ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம். ஒன்னாம் நம்பரையே குடுத்து அனுப்பு."

ஏசி ஓடப் போவதைப் பற்றி அவர் சொல்லவில்லை, தேவசகாயமும் கேட்கவில்லை. சாயங்காலமே ஃபைசல் வயரை இழுத்து, ஏசியையும் ஆக்ஸிஜன் மெஷினையும் அதில் மாட்டிவிட்டான். மூக்கில் குழாய் வைத்ததும் அவர் முகத்தில் தெளிவு வந்தது. விரலில் மாட்டுகிற சின்ன மெஷின் தொண்ணூற்று நாலு என்று காட்டியது. நான் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மெஷின் கத்தியது பாருங்கள்! சிவப்பு விளக்கு எரிகிறது, 'கீ' என்று ஒரே கூப்பாடு. அவர் கையைக் காலை உதைக்கிறார், உதடு நீலம் பாய்கிறது, விரல் மெஷினில் எண் இறங்கிக்கொண்டே போகிறது. நான் கதவைத் திறந்து "ஃபைசல்! ஃபைசல்!" என்று அலறினேன். அவன் ஓடிவருவதற்குள் ஏசியை அணைத்துவிட்டு, மெஷின் தலையில் ஓங்கி ஓர் அடி போட்டேன். உடனே அது ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டது.

நடுவில் ஏசியை எதற்கு அணைத்தேன் என்று கேட்பீர்கள். அது என் பழக்கம். கதவு திறந்தால் ஏசியை அணைத்துவிடுவேன். காசு கொடுத்துத் தெருவுக்கா குளிர் விடுவது? யார் வந்தாலும் சரி, உயிரே போனாலும் சரி, கை முதலில் ரிமோட்டுக்குத்தான் போகும்.

அடுத்த நாளும் இதே கதை. அதற்கடுத்த நாளும். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கத்தும். ஆட்கள் ஓடிவந்தால் அடங்கிவிடும். என் அடிக்குத்தான் பயப்படுகிறது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் தலை சுற்ற ஆரம்பித்தது. லைட் எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது, என்ன, நடுநடுவே கொஞ்சம் சோம்பலாகச் சுற்றுகிறது. கரண்ட் இருக்கிறது. அப்படியிருக்க இந்தப் பாழாய்ப்போன மெஷினுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? கரண்ட் என்ன, ஆள் பார்த்துச் சோறு போடுகிற கல்யாண வீடா?

திருவிழா முடிந்து சத்யராஜ் வந்தான். கதவைத் திறந்து வைத்தேன், ஏசியை அணைத்தேன். அவன் மீட்டரைப் பிளக்கில் சொருகிப் பார்த்தான்.

"வோல்டேஜ் சூப்பரா இருக்குதுக்கா. லைன்ல ஒரு கொறையும் இல்ல. மெஷின்லதான் ஏதோ கோளாறு."

மெஷின் கம்பெனி ஆள் வந்தான். கையோடு கொண்டுவந்த சிலிண்டரை அவருக்கு மாட்டிவிட்டு, முன்னால் கடை மேஜைமேல் மெஷினை வைத்து, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துப் பிளக்கில் மாட்டி ஓட விட்டான். டீ குடித்தான், வடை தின்றான். அது பூப்போல ஓடியது.

"மெஷின் புதுசு மாதிரி இருக்குதும்மா. லைனப் பாருங்க."

"லைன் நல்லா இருக்குதுன்னு அவன் சொல்றான், மெஷின் நல்லா இருக்குதுன்னு நீ சொல்றே. அப்ப நான் வேணும்னே கத்தறனா?" என்று அவனைப் பிடித்து உலுக்காத குறை. பாவம், வாயில் இருந்த வடையை விழுங்க முடியாமல் முழித்தான்.

கட்டிலில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போனதும் மெதுவாகச் சொன்னார்: "லைன் நல்லா இருக்குது. மெஷின் நல்லா இருக்குது. அப்ப ரிப்பேர் ஆனது நான்தான் ஜுலைகா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டாக்டரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். எண் இப்படி ஏறி இறங்குவது நல்லதுக்கில்லை, நோய் முற்றுகிற மாதிரித் தெரிகிறது, இரவு பகல் ஆள் இருக்கிற இடத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார். சென்னையில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தபஸ்ஸும் என்று பெயர். அவள் போனிலேயே அழுதாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் கொடுத்த வாக்கு காற்றோடு போயிற்று.

அன்றிலிருந்து அவர் போனும் கையுமாக இருந்தார். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிறவர்களும், கடைசிப் பயணம் போகிறவர்களும், தெரிந்தவர்களிடமெல்லாம் 'கஹா சுனா மாஃப்' கேட்பார்கள். சொன்னது, கேட்டது, செய்தது எல்லாவற்றையும் மன்னித்துவிடு என்று அர்த்தம். அவர் ஒவ்வொரு நெசவுக்காரராகக் கூப்பிட்டு, மூச்சு வாங்க வாங்க மாஃப் கேட்டார். போட்டிக்கு நூல் விற்கிற எதிர்க்கடைக்காரரிடம்கூடக் கேட்டார். எதிர்முனையில் பலபேர் அழுதார்கள். நான் சமையலறையில் நின்றுகொண்டு, எவன் அழுகிறானோ அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இருக்கிற மனிதருக்கு எதற்கடா அழுகிறீர்கள்?

வெள்ளிக்கிழமை தபஸ்ஸும் வந்தாள். கதவு திறந்தே கிடந்தது, ஏசி அணைந்திருந்தது. மெஷின் சமத்தாக ஓடியது. பையில் துணி வைத்தாயிற்று, மாத்திரை வைத்தாயிற்று, காரில் வைக்கச் சின்ன சிலிண்டரும் வந்துவிட்டது. அவர் மகளிடம், "அம்மிகிட்ட கொஞ்சம் பேசணும், நீ வெளிய இரும்மா" என்றார். அவள் போய்க் கதவைச் சாத்தினாள். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கைப்பழக்கத்தில் ஏசியைப் போட்டேன்.

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். உன்கிட்டதான் பாக்கி" என்று என் கையைப் பிடித்தார். "உன்ன நெறைய ஏசியிருக்கேன். உன் பேச்சக் கேட்டதே இல்ல. மாஃப் பண்ணிடு ஜுலைகா."

சரி என்று சொன்னால் அவர் கிளம்பிவிடுவார் என்று தோன்றியது. காருக்கு இல்லை, வேறெங்கோ. நான் வாயைத் திறக்கவே இல்லை. அவர் திரும்பவும் ஏதோ சொன்னார், அது ஏசி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. ஏசி அப்போதுதான் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு முழு வேகத்தில் ஓட ஆரம்பித்திருந்தது. ஃபேன் சோம்பியது. மெஷின் 'கீ' என்று கத்தியது.

"சும்மா கெட! மனுஷன் பேசறது கேக்கல!" என்று ஏசியைத் திட்டிக்கொண்டே அணைத்தேன். மெஷின் வாயை மூடிக்கொண்டது.

நான் மெஷினை அடிக்கவே இல்லை. கதவைத் திறக்கவில்லை, யாரும் ஓடிவரவில்லை. ஏசியை மட்டும்தான் அணைத்திருக்கிறேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். திரும்ப ஏசியைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அடச்சே என்று உட்காரப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த 'டொக்', ஃபேனுக்குச் சோம்பல், மெஷினுக்குக் கூப்பாடு. அணைத்தேன், அடங்கியது. யா அல்லா! இத்தனை நாளும் நோய் முற்றிக்கொண்டிருந்தது சுவரில் மாட்டிய அந்த வெள்ளைப் பெட்டிக்கா?

கதவைத் திறந்து கத்தினேன். தபஸ்ஸும், ஃபைசல் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். சொன்னதும் தபஸ்ஸும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அம்மி, அப்பாவ அனுப்ப மனசில்லாம ஏசி மேல பழியப் போடாத."

"ஏசியும் மெஷினும் ஒரே ஒயர்லதான் ஆபா ஓடுது. அதனால இன்னா? இருக்கறதுலயே தடி ஒயரு, ஒன்னாம் நம்பர். யான கட்டி இழுத்தாலும் தாங்கும்" என்றான் ஃபைசல்.

"அந்த தேவசகாயத்துக்குப் போன் போடு. டூப்ளிகேட் ஒயர வித்துட்டான்" என்றேன். மறுமுனையில் தேவசகாயம் எடுத்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டேன். "ஏண்ணே, நாங்க உன்ன எவ்ளோ நம்புனோம்! ஒன்னாம் நம்பர்னு சொல்லி ஒன்னுத்துக்கும் ஒதவாத ஒயரக் குடுத்துட்டியே! ஏசி ஓடினா என் வீட்டுக்காரருக்கு மூச்சு நிக்குது!"

"ஏசியா?" தேவசகாயம் பதறிவிட்டார். "ஒன்னுல யாராவது ஏசி ஓட்டுவாங்களா பாயம்மா? அதுவும் அவ்ளோ நீள வீட்டுல! ஒன்னு எல்லாத்துலயும் சன்னமாச்சே!"

"சன்னமா? நாலுதான் சன்னம்!"

"நாலுதாம்மா தடி."

"நம்பர் ஏறினா எப்படிண்ணே தடிக்கும்? ஏறினா சன்னமாவணும்!"

"ஏறினா எப்படிம்மா சன்னமாவும்? எந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதான்! நூல்ல அப்படித்தான். ஒரே எடைக்கு எத்தன சிட்டம் வருதோ அதான் நம்பர். சன்னமா இருந்தா சிட்டம் ஜாஸ்தி, நம்பரும் ஜாஸ்தி."

"கம்பியில அப்படி இல்ல பாயம்மா. கம்பிய வெட்டினா அந்த முகம் எவ்ளோ பெருசோ அதான் நம்பர்" என்றார் அவர். எனக்குக் குழம்பியது மாதிரியே அவர் குரலும் குழம்பியிருந்தது. "பாய் சொன்னப்பவே ஆனான்னு ஆரம்பிச்சேன், பேச விடலியே. சன்னக் கம்பி, நீளமும் ஜாஸ்தி. ஏசி கெளம்பறப்ப ஒரேயடியா இழுக்கும். கரண்ட் அந்தக் கம்பியில முட்டி மோதி வர்றதுக்குள்ள பாதி வழியிலயே வோல்டேஜ் எறங்கிடும். மிச்சம் மீதிதான் மெஷினுக்கு. மூக்குக் கொழாய மிதிச்சுக்கினு நின்னா காத்து எப்படி வரும்? அந்த மாதிரிதான். மொதல்ல ஏசிய நிறுத்துங்க. கம்பி சூடாயிருக்கும், தொட்டுப் பாருங்க. நானே நாலு எடுத்துக்கினு வரேன்."

ஃபைசல் முற்றத்துச் சுவரில் கேசிங் பட்டியைப் பிரித்துத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். வயரின் மேல்தோல் சூட்டில் இளகிப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வீடே எரிந்திருக்கும் என்று அவன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

சத்யராஜையும் கூட்டிக்கொண்டு தேவசகாயம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது தபஸ்ஸும் இன்னும் பையைக் கையிலிருந்து இறக்கவில்லை. ஏசி இல்லாமல் அறை அடுப்பாக இருந்தது. ஆனால் மெஷின் ஒருமுறைகூடக் கத்தவில்லை. விரல் மெஷினில் தொண்ணூற்று நாலு அசையாமல் நின்றது. தேவசகாயம் புது வயரின் ஒரு முனையையும், ஃபைசல் மிச்சம் வைத்திருந்த பழைய வயரின் ஒரு துண்டையும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் விரல்களுக்கு நடுவில் உருட்டினார். அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப உருட்டினார்.

"ஒரு தடவ இதத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நம்பர மட்டும் கேட்டுட்டு வாங்கிட்டேன்" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். "அப்ப நான் ரிப்பேர் இல்லியா?"

"மூணு வாரமா நீயேதான் உன் கழுத்த நெரிச்சுக்கினு இருந்தே!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் சமையலறையிலேயே அடக்கி வைத்திருந்ததெல்லாம் எல்லார் முன்னாலும் கொட்டியது. சத்யராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "ஏசிய ஓட விட்டுப் பாத்திருக்கணும்க்கா" என்றான். அவனைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை.

இருட்டுவதற்கு முன்னால் அவன் நாலாம் நம்பர் வயரை இழுத்து முடித்தான். ஏசியைப் போட்டோம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 'டொக்' என்றது. ஃபேன் தன் வேகத்திலேயே சுற்றியது. மெஷின் பாட்டுக்கு ஓடியது. தபஸ்ஸும் விரல் மெஷினையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "ஒரு வாரம் பாக்கலாம். நானும் இங்கயே இருக்கேன்" என்றாள். நுரையீரல் கெட்டது கெட்டதுதான், அதை எந்த வயரும் சரியாக்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் வீட்டில் இருக்கப் போகிறார்.

எல்லாரும் டீ குடிக்க முன்னால் போனதும் அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. இப்ப இந்த ஒயருக்கும் சேத்துக் கேக்கறேன். மாஃப் பண்ணிடு."

"மாட்டேன்."

"ஏய், எதிர்க்கடைக்காரனே பண்ணிட்டான்."

"அவன் பண்ணுவான். நான் பண்ண மாட்டேன்" என்று குழாயை அவர் மூக்கில் சரியாக வைத்தேன். "தெனமும் கேளு. தெனமும் மாட்டேன்னு சொல்றேன். நான் மாஃப் பண்ற வரைக்கும் நீ எங்கயும் போவக்கூடாது."